சிமியோன் விருந்தினரை ஏற்கிறார்

கிரேக்க நாட்டு மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஒருவருக்குத் தன் பெயர் நாளன்று வீட்டில் தனியாக இருக்க ஆசை வந்தால், அதைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத்தான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். பிறந்த நாளை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? பெயர் நாள் அப்படி அல்ல. எந்தப் புனிதரின் பெயர் உங்களுக்கு வைக்கப்பட்டதோ அவருடைய திருநாள்தான் உங்கள் நாள். அது நாட்காட்டியில் அச்சாகி, மாவு மில் முதல் மாதா கோயில் வரை தொங்குகிறது. அன்று மாலை உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும். யாரையும் அழைக்க வேண்டாம். அழைத்தால் அது வேறு அவமானம், மற்றவர்களை வர வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், இருவரையும் தெரியாதவர் என்று எல்லோரும் இனிப்புப் பெட்டியோடு படியேறி வந்து, "பல்லாண்டு" என்று வாழ்த்தி, நீட்டியதைத் தின்று, ஊற்றியதைக் குடித்து, உங்கள் திரைச்சீலை எத்தனை பழசு என்பதைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இது வேண்டாம் என்பவர், எங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், மரண அறிவிப்புகளுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் அறிவிப்புக் கொடுப்பார்: "திரு. இன்னார் பெயர் நாள் கொண்டாடவில்லை, விருந்தினரை ஏற்கவில்லை." துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் கொடுப்பார்கள். குடல் அறுவை செய்துகொண்டவர்கள் கொடுப்பார்கள். அடுப்படியில் மனைவியும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்தால் கொடுப்பார்கள், ஆனால் காரணம் குடல் என்பார்கள்.

சிமியோன் மெலாஸ் என்பவர் இந்த அறிவிப்பை இருபது வருடத்துக்கு மேல் விடாமல் கொடுத்து வந்தார். (அவருடைய உண்மைப் பெயர் சிமியோன் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.) முதல் வருடம் ஊர் பதறியது. யார் செத்தது என்று விசாரித்தார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். மூன்றாவது வருடத்துக்குள் பழகிவிட்டது. பிப்ரவரி பிறந்தால் பனி விழும், சிமியோன் ஏற்கமாட்டார். இதில் காபிக்கடைக் கூட்டத்துக்கு ஒரு வேடிக்கையும் கிடைத்தது. பிப்ரவரி மூன்றாம் தேதிக்குரிய புனித சிமியோன், குழந்தை இயேசுவைக் கோயிலில் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்ட கிழவர். பட்டமே 'ஏற்றுக்கொண்டவர்' என்பதுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆண்டுதோறும் ஏற்கவில்லை என்று அச்சடித்துச் சொல்கிறாரே என்று சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எங்கள் ஊரில் கெட்டவர்கள் குறைவு. சிமியோனின் கஷ்டமே அதில்தான் இருந்தது.

அவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை. ஊரில் அவர் பார்க்காத நெஞ்சு கிடையாது. யாருக்கு எந்த விலா எந்த வருடம் போனது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதே ஆள் கடைத்தெருவில் எதிரே வந்தால், எதிர்ச் சாரியில் இருக்கும் செருப்புக் கடைக் கண்ணாடியை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சிமியோனின் காலணி அறிவு அதனால் அபாரமாக வளர்ந்தது. வேலையில் அவருக்குப் பேச்சு மூன்று வாக்கியம்தான். "மூச்ச இழுங்க. பிடிச்சுக்கங்க. விடுங்க." அதையும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று சொல்லலாம். அந்தக் குரல் அழகானது, நிதானமானது. அந்தக் குரலைக் கேட்டு ஊர் முழுக்க ஒழுங்காக மூச்சு விட்டது. மூச்சு முட்டியது அவருக்கு மட்டும்தான்.

எதனால் என்று கேட்டால் அவர் ஒரு கொடியைச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் மார்ச் இருபத்தைந்து, தேசத் திருநாள். பழைய போர்வீரர்களின் குட்டைப் பாவாடை உடுப்பில், கையில் சின்னக் கொடியோடு மேடையில் நின்று எட்டு வரிப் பாட்டுச் சொன்னார். ஒரு வரியும் மறக்கவில்லை. ஆனால் கை நடுங்கியது. கை நடுங்கியதால் கொடி படபடத்தது. முன்வரிசையில் யாரோ ஒரு மாமா, "காத்தே இல்லாம கொடி பறக்குது பாரு, இதுதான்யா தேசபக்தி" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிமியோன் தன் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவே இல்லை.

காபிக் கோப்பை தட்டில் கடகடக்கும் என்பதால் யாரோடும் காபி குடிக்கமாட்டார். கையெழுத்துப் போடும்போது யாராவது பார்த்தால் பேனா ஓடிவிடும். ரொட்டிக் கடைக்குப் போவதற்கு முன்பே, "ஒரு கறுப்பு ரொட்டி, நறுக்க வேணாம்" என்று வீட்டில் சொல்லிப் பார்ப்பார். கடைக்காரி "என்ன சிமியோன், இன்னிக்குக் குளிர் எப்படி?" என்று ஒத்திகையில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டால், வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்விக்கு நல்ல நல்ல பதில்கள் தோன்றிக்கொண்டிருக்கும். தொலைபேசியும் கதவும் அம்மாவின் இலாகா. அம்மா போன பிறகு தொலைபேசி அடித்தால் அது ஓயும்வரை அடுத்த அறையில் நின்றார்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வருடம்தான் எதிர் அறையில் இரத்தப் பரிசோதனைக்கு அரெதி என்றொரு பெண் மாற்றலாகி வந்தாள். தீவுக்காரி. கடல் பக்கத்து ஆட்கள் எங்களைப் போல் வாயை மூடிக்கொண்டு சூட்டைச் சேமிப்பதில்லை. வந்த முதல் வாரமே இந்த மலைக்குளிரைப் பற்றியும், ஆஸ்பத்திரிக் கேன்டீன் பயறு சூப்பைப் பற்றியும், விவாகரத்தான தன் புருஷனைப் பற்றியும் சிமியோனிடம் சொல்லி முடித்துவிட்டாள். அவர் பதில் பேசாததை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதுவே அவருக்குப் பெரிய வசதி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். ஒரு நாள் அவராகவே, "சூப்புல எலுமிச்சை பிழிஞ்சா பரவால்ல" என்றார். ஒத்திகை பார்க்காத வாக்கியம். அன்று சாயங்காலம் அந்த எலுமிச்சையை நினைத்து நடந்து நடந்து பஸ் நிலையம் தாண்டிப் போய்விட்டார்.

செப்டம்பரில் அவள் கேட்டாள்: "சிமியோன், உங்க பேர் நாள் பிப்ரவரியிலதானே? எங்க தீவுல பேர் நாளுக்குப் போகலன்னா மூணு தலைமுறைக்குப் பேசமாட்டாங்க. நான் வருவேன், சொல்லிட்டேன்."

அவர் "ம்" என்றார்.

இந்த "ம்" எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணமாகாத ஆணின் வீட்டுப் படியை விவாகரத்தான பெண் ஒருத்தி தனியாக ஏறினால், அவள் இறங்குவதற்குள் செய்தி ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் பெயர் நாளன்று யாரும் யார் வீட்டுக்கும் போகலாம். வருடத்தில் அந்த ஒரு மாலைதான் அரெதி அவர் வீட்டு நாற்காலியில் பழியில்லாமல் உட்கார முடியும். அவள் உட்கார வேண்டுமென்றால் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் ஊரும் வரும். சிமியோனுக்கு அவள் வர வேண்டும் என்றிருந்தது. அதற்காக ஊரையே ஏற்றுக்கொள்ள முடிவு செய்தார். முடிவு செய்த இரவு காய்ச்சல் வந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர் கடைக்கு மேல் மாடியில், மனநல மையம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே போகிறவர்கள் டயர் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்வார்கள். கார் இல்லாத சிமியோன் வியாழக்கிழமைதோறும் டயர் பார்க்கப் போனார். தெசலோனிக்கியில் படித்துவிட்டு வந்த மிர்சினி என்ற இளம் பெண் டாக்டர் அங்கே இருந்தார். முதல் நாள் சிமியோன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"கை குளிருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல. நீங்க பாப்பீங்க."

"பாத்தா என்ன ஆகும்?"

சிமியோன் யோசித்தார். நாற்பது வருடமாக அதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர், அது என்னவென்று யோசித்ததே இல்லை. "சிரிப்பீங்க. இல்லன்னா பரிதாபப்படுவீங்க," என்றார். "ரெண்டாவது இன்னும் மோசம்."

டாக்டர் மிர்சினி ஒரு காகிதத்தில் மலை மாதிரி கோடு வரைந்தார். "பயம் வந்தா இப்படித்தான் ஏறும். உச்சிக்குப் போகும். அப்புறம் தானா இறங்கும். எப்பவும் இறங்கும். அது இறங்கி நீங்க ஒரு தடவகூடப் பாத்ததில்ல, ஏன்னா ஏறும்போதே ஓடிடுறீங்க. ஓடினதாலதான் தப்பிச்சோம்னு மனசு நினைச்சுக்குது. அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா ஓடச் சொல்லுது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். நில்லுங்க. இறங்குற வரைக்கும் நில்லுங்க."

"கை நடுங்கினா?"

"நடுங்கட்டும். நடுங்குற கையோட நில்லுங்க. சனங்க உங்களப் பாக்குறதா நீங்க நினைக்கிறதுல பாதிகூட உங்களப் பாக்கல. அவங்கவங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

பிறகு வீட்டுப் பாடம் கொடுக்க ஆரம்பித்தார். தெரியாத ஒருவரிடம் மணி கேட்பது. காபிக்கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோப்பையைத் தட்டோடு தூக்குவது. அடுத்தது, ஒரு கடைக்குப் போய் அங்கே இருக்கவே முடியாத பொருள் ஒன்றைக் கேட்டு, இல்லை என்று சொல்லவைத்து, அசடு வழிய வெளியே வருவது. அசடு வழிந்தால் ஆள் சாவதில்லை என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமாம்.

சிமியோன் கறிக்கடைக்குப் போனார். கடைக்கார அநெஸ்திஸ் மலை மாதிரி ஆள், ஈரலை வெட்டிக்கொண்டிருந்தார். கடையில் நான்கு பெண்கள் நின்றார்கள்.

"குடை இருக்கா?" என்றார் சிமியோன்.

கத்தி நின்றது. அநெஸ்திஸ் வெளியே பார்த்தார். வெயில் அடித்தது. சிமியோனைப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தன் சொந்தக் குடையை எடுத்து வந்து கவுன்ட்டருக்கு மேலாக நீட்டினார். "எடுத்துக்கப்பா சிமியோன். வச்சுக்க. எப்ப முடியுதோ அப்பத் தா."

டாக்டரின் பாடத்தில் இதற்கு வழி இல்லை. சிமியோன் "நன்றி" சொல்லி, கொளுத்தும் வெயிலில் கறுப்புக் குடையோடு வீடு திரும்பினார். அதைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு வாரம் பயிற்சி தேவைப்பட்டது. கேட்டுவிட்டு டாக்டர் மிர்சினி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிமியோனும் சிரித்தார். ஒரு மனிதர் தன் எதிரே உட்கார்ந்து சிரிக்க, தானும் சேர்ந்து சிரித்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

பனிக்காலம் வந்தது. இப்போது தட்டுப் பயிற்சி. பெயர் நாளில் வீட்டுக்காரர்தான் தட்டேந்த வேண்டும். வெள்ளித் தட்டில் சின்னக் கிண்ணங்களில் செர்ரிப் பழப் பாகு, கரண்டி, தண்ணீர்க் குவளை, மதுக் கிண்ணம். எல்லாம் கண்ணாடி, எல்லாம் பேசும். அம்மாவின் தட்டை எடுத்து, குவளைகளில் தண்ணீர் நிரப்பி, சமையலறையிலிருந்து கூடம்வரை நடந்தார். முதல் நாள் கம்பளம் நனைந்தது. கீழ்த்தளத்தில் இருந்த பொலிக்செனியம்மா மேலே வந்து, "சிமியோன் தங்கம், குழாய் உடைஞ்சுதா?" என்று கேட்டாள். ஜனவரிக் கடைசியில், குவளைகள் லேசாகக் கிணுகிணுக்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் காலி நாற்காலி வரிசைக்கு முன்னால் குனிந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க, எடுத்துக்கங்க" என்று சொல்ல அவருக்கு வந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தார்.

பாக்கி இருந்தது அறிவிப்பு.

"இந்த வருஷம் குடுக்காம விட்டாப் போதும்," என்றார் டாக்டர்.

"போதாது டாக்டர். எங்க ஊரு உங்களுக்குத் தெரியாது. அறிவிப்பு வரலன்னா, பாவம் மறந்துட்டான்னு நினைப்பாங்க. மறந்தாலும் அவனுக்கு ஆள் வரக் கூடாதுன்னுதான் இருக்கும்னு வராம இருப்பாங்க. ரொம்ப நல்லவங்க."

ஆகவே அவர் எங்கள் ஊர் வரலாற்றில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். பழைய அறிவிப்பையே எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு எழுதினார்: "திரு. சிமியோன் மெலாஸ் பெயர் நாள் கொண்டாடுகிறார், விருந்தினரை ஏற்கிறார்." உறையில் போட்டு, ஆள் வருவதற்கு முன்பே பத்திரிகை அலுவலகக் கதவுத் துளைக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பத்திரிகை அதை எழுத்துப் பிசகாமல் அச்சிட்டது. அந்த வருடம் எங்களால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்த ஒரே இடம் அதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேயர் நூலகத்தைத் 'திறந்து வைத்தார்' என்பதை நாங்கள் 'திருடி வைத்தார்' என்று போட்டிருந்தோம். ஒரு பெரிய மனிதரின் மறைவுக்கு அவர் குடும்பத்தார் 'ஆழ்ந்த மகிழ்ச்சி' தெரிவித்தார்கள். போதாததற்கு, கிரேக்க மொழியில் ஒரு விஷயத்தை மறுக்க 'தென்' என்ற துண்டுச் சொல் போதும். வினைக்கு முன்னால் தனியாக நிற்கும். அச்சுக்கூடத்தில் தவறி விழுவதற்கென்றே பிறந்த சொல். ஏற்கவில்லை என்பதற்கும் ஏற்கிறார் என்பதற்கும் நடுவில் அது ஒன்றுதான்.

காபிக்கடையில் முதலில் பார்த்தவர் கறிக்கடை அநெஸ்திஸ்.

"இதப் பாருங்கடா. ரெண்டு 'தென்'னையும் முழுங்கிட்டானுங்க."

"ஒண்ணு விழுந்தா கை தவறினதுன்னு சொல்லலாம். ரெண்டும் விழுந்தா எழுத்துக் கோத்தவன் குடிச்சிருக்கான்."

"பாவம்டா அந்த மனுசன். மூணாந்தேதி ஊரே போய்க் கதவத் தட்டப் போவுது. அவனுக்கு உசிரே போயிடும்."

"யாரு தட்டுறது? நான் பாத்துக்கறேன்," என்றார் அநெஸ்திஸ். "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லிடறேன். ஒரு ஈ காக்கா போகக் கூடாது. எங்கிட்ட வந்து குடை கேட்ட ஆளுடா அது. தாங்கமாட்டான்."

எதிர்த்து யாரும் பேசவில்லை. விருந்தினரை ஏற்கிறேன் என்று யாராவது காசு கொடுத்து அறிவிப்பார்களா? மீன் தண்ணீரில் இருக்கிறது என்று அறிவிப்பது போல. அச்சுப் பிழை என்பது பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயமே அல்ல. இரண்டு நாளில் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒரு மனிதரைக் காப்பாற்ற எங்கள் ஊர் இத்தனை ஒற்றுமையாக நின்றதில்லை. வெள்ளம் வந்தபோதுகூட இல்லை.

மூன்றாம் தேதி காலை ஆஸ்பத்திரியில், பதிவு ஜன்னலில் இருந்த பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பாத்தேன் சிமியோன். எப்படிப் பண்ணிவச்சிருக்கானுங்க பாருங்க. நீங்க கவலைப்படாதீங்க, இங்க எல்லாருக்கும் சொல்லிட்டோம், யாரும் வரமாட்டாங்க."

இது பிழையில்லை, வாருங்கள் என்று சொல்ல வேண்டும். மூன்று சொல்தான். ஆனால் அவள் முகத்தில் அத்தனை அக்கறை இருந்தது. அவள் சொன்னதை மறுத்தால் அவளை முட்டாளாக்கியதாக ஆகும். தவிர, வாருங்கள் என்று வாய்விட்டுக் கெஞ்சியதாகவும் ஆகும். சிமியோன் "நன்றி" என்றார். கூட்டுகிறவர் வந்து சொன்னார். "நன்றி." எலும்பு டாக்டர் முதுகில் தட்டிச் சொன்னார். "நன்றி." அரெதிக்கு அன்று விடுப்பு. அதனால் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் எங்கள் பத்திரிகையும் படிப்பதில்லை.

மாலையில் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டார். மாவுச் சர்க்கரை தூவிய பாதாம் பிஸ்கட்டுகளைக் கூம்பாக அடுக்கினார். கோயிலில் மந்திரித்து வாங்கிய ரொட்டியை நறுக்கினார். சட்டையை மாற்றினார், மறுபடி பழைய சட்டைக்கு மாறினார். தொலைபேசி அடித்தது. இந்த முறை எடுத்தார். அதையும் டாக்டரிடம் கற்றிருந்தார். பாதிரியார். "பல்லாண்டு, மகனே. பத்திரிகைக்காரங்களுக்குப் பாவமன்னிப்பே கிடையாது. நிம்மதியா இரு. நான் படியேறி வந்து உன்னத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

"நன்றி, சாமி."

அப்படி எத்தனையோ பேர். எல்லோரும் அன்போடு வராமல் இருந்தார்கள்.

கீழே பொலிக்செனியம்மா ஒரு நாற்காலியை வாசல் கதவுக்கு உள்ளே போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விவரம் தெரியாமல் வருகிறவர்கள் இருப்பார்களே. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். மாடியில் சிமியோனுக்கு வாசல் மணி ஒலிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆறு மணியைத் தாண்டி, பனிக் காலணிகளைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு கடல் பக்கத்துப் பேச்சு. சிமியோன் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றார்.

"யாரு வேணும் மகளே?" என்றாள் கீழே பொலிக்செனியம்மா.

"சிமியோன் வீட்டுக்கு. பேர் நாள் இல்லையா?"

"அச்சோ, நீ வெளியூரு. அவன் ஏத்துக்கறதில்லம்மா. எப்பவும் இல்ல. பேப்பர்ல தப்பாப் போட்டுட்டானுங்க. ஆளுங்களப் பாத்தா அவனுக்கு ஆகாது, கை காலெல்லாம் நடுங்கிப்போவும். காலையிலேருந்து சாமி கும்பிட்டுக்கிட்டு இருப்பான், யாரும் வரக் கூடாதுன்னு."

கீழே இனிப்புப் பெட்டியின் காகிதம் சரசரத்தது.

"எங்கிட்ட வரலாம்னுதான் சொன்னாரு," என்றாள் அரெதி. "சொல்லல. 'ம்'னாரு."

"அவன் எல்லாத்துக்கும் 'ம்'னுதான் சொல்லுவான் தங்கம். வேணாம்னு சொல்லத் தெரியாது, பாவம்."

படிக்கட்டு விளக்கு தானாக அணையும் வகை. அணைந்தது. சிமியோன் இருட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தளம் கீழே அவள் நிற்கிறாள். 'மேல வாங்க' என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். இதயம் காதுக்குள் வந்து அடித்தது. கை நடுங்கியது. ஓடவில்லை. டாக்டர் சொன்னது நினைவிருந்தது: நில்லுங்க, ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். நின்றார். ஏறியது. உச்சிக்குப் போனது. வாய் திறந்திருந்தது, உள்ளே காற்று இல்லை. அவர் நின்றார்.

அது இறங்கவும் செய்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அது இறங்குவதை அவர் பார்த்தார். தண்ணீர் வடிவது போல, தோளிலிருந்து, மார்பிலிருந்து, கடைசியாக விரல்களிலிருந்து வடிந்தது. கை அசையாமல் கம்பியின் மேல் இருந்தது. அவர் மூச்சை இழுத்து, தெளிவாக, போதுமான சத்தத்தில், "மேல வாங்க அரெதி" என்றார்.

"யாருடா அது இருட்டுல?" என்றாள் பொலிக்செனியம்மா. "நீயா தங்கம்? பயப்படாத, அந்தப் பொண்ணு அப்பவே போயிட்டா. நான்தான் அனுப்பிவச்சேன்."

விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் மூச்சு வாங்க மேலே வந்தாள். ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். "இத உன்கிட்டக் குடுக்கச் சொன்னா. நல்ல பொண்ணு. ஒருத்தரையும் விடல, சரியா? நிம்மதியாத் தூங்கு."

திறந்த கதவு வழியாக அவளுக்குக் கூடம் தெரிந்திருக்கும். நாற்காலிகள், பிஸ்கட் கூம்பு, தட்டு. தெரிந்ததா, தெரிந்தும் புரியவில்லையா என்று இன்றுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"உள்ள வாங்க பொலிக்செனியம்மா," என்றார் சிமியோன். "உக்காருங்க. செர்ரிப் பாகு இருக்கு."

"அட, உனக்கு எதுக்குத் தொல்லை. என்னத்துக்கு நீ எனக்காக இதெல்லாம் பண்ணணும். போ, கதவச் சாத்திக்க." கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி நடைவழியில் அரெதி சொன்னாள்: "பல்லாண்டு சிமியோன். வாசல் வரைக்கும் வந்தேன். எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கங்க. இனிமே இப்படித் தொந்தரவு பண்ணமாட்டேன்." அதற்குள் பதிவு ஜன்னல்காரி, கூட்டுகிறவர் எல்லோரும் அவளுக்கு அவரைப் பற்றி விளக்கியிருந்தார்கள். அவள் இப்போது அவரிடம் மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போல் பேசினாள். பயறு சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிமியோன் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் அவசரமாகத் தலை குனிந்துகொண்டாள், அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று. கோடையில் தீவுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் எனக்குச் சொன்னது சிமியோன்தான். பல வருடம் கழித்து, விலா முறிந்து நான் அவர் மேஜையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேசினார். அரெதியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. அடுத்ததைச் சொல்லும்போது மாறியது.

அந்த வியாழக்கிழமை டாக்டர் மிர்சினி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் விடவில்லை. "சொல்லுங்க, சொல்லுங்க. வந்தாங்களா?"

அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை சிமியோன் பார்த்தார். ஐந்து மாத உழைப்பு. இந்த ஊரில் அதிகம் பேர் வராத மாடியில், டயர் வாசனைக்கு மேல் உட்கார்ந்து, தனக்காகக் கோடு கோடாக மலை வரைந்த பெண். உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று தெரிந்தது.

"வந்தாங்க," என்றார்.

"எத்தனை பேர்?"

"நிறைய. நாற்காலி பத்தல."

"தட்டு?"

"சிந்தல."

"அவங்க? அரெதி?"

"வந்தாங்க. ஜன்னல் பக்கம் உக்காந்தாங்க."

டாக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா, இங்க வந்ததுலேர்ந்து இதுதான் எனக்கு முதல்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. சிமியோனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை நடுங்கவில்லை. அதையும் டாக்டர் கவனித்தார், மகிழ்ச்சி இன்னும் கூடியது. "பாத்தீங்களா? நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனிமே நீங்க இங்க வரத் தேவையே இல்ல. உங்க நேரத்த இன்னொருத்தருக்குக் குடுத்துடலாம்."

இந்த ஒரு அறையில்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசியிருந்தார். இங்கேதான் குடைக் கதைக்குச் சிரித்தார். தொடர்ந்து வரலாமா என்று கேட்க வேண்டும். வாய் திறந்தது.

"நன்றி டாக்டர்," என்றார்.

அடுத்த வியாழக்கிழமை, அதே நேரத்துக்கு, சிமியோன் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர் மாடி ஜன்னலில் யாரோ ஒரு பையன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தெசலோனிக்கி பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஏறுறீங்களா?" என்று கேட்டார். சிமியோன் இல்லை என்று தலையாட்டினார். ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், ஒருவேளை மனசு மாறுவார் என்று. பிறகு கதவை மூடிக்கொண்டு போனார்.